பதினொரு மணிக்குள்

வாசல் கம்பியில், மிதிவண்டிகளுக்கு நடுவே
ஒரு சின்னப் பூட்டுப்பெட்டி.
நாலு எண்களைத் திருகினால்
சாவி பல்லிக்குஞ்சு மாதிரி கையில் விழுகிறது.
வீட்டுக்காரியை நாங்கள் பார்க்கவேயில்லை.
மதாம் வெர்னியே என்பவர்
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய இரண்டு பக்கம்:
இரவு பத்துக்கு மேல் காலணிச் சத்தம் கூடாது,
மீன் பொரிக்கக் கூடாது,
கரண்டி ஆறு, முட்கரண்டி ஆறு,
கிளம்பும் நாள் பதினொரு மணிக்குள்.

படத்தில் கடல் தெரிந்தது.
அருளப்பன் எல்லா ஜன்னலையும் திறந்து பார்த்தார்:
எதிர் பால்கனியில் காயும் உள்ளாடை,
ஒரு புறா, பல் மருத்துவரின் பெயர்ப்பலகை.
எமிலின்தான் கண்டுபிடித்தாள்.
குளியல் தொட்டி விளிம்பில் ஏறி
ஜன்னல் சட்டத்தில் கன்னத்தை ஒட்டினால்
இரண்டு கட்டடங்களுக்கு இடையே
நகக்கண் அளவு நீலம்.
மதாம் பொய் சொல்லவில்லை.
நீஸ் நகரில் மூன்று இரவுக்கு நானூற்றுப் பத்து ஈரோ,
துப்புரவுக் கட்டணம் தனியாக அறுபது.

அறுபது.
அதை மட்டும் இரண்டு முறை படித்தேன்.
பாரீசில் இதே மாதிரி வீடுகளை,
வாரத்துக்குப் பதினாலு,
நான்தான் துடைக்கிறேன்.
வீட்டுக்குப் பதினெட்டு எனக்கு.
மீதி எந்தக் குழாயில் இறங்குகிறதோ.

செருப்பைக் கழற்றுமுன்
என் கண்கள் வேலைக்குப் போய்விட்டன.
தலையணை உறையின் வாய் சுவர்ப் பக்கம்: தொழில் தெரிந்தவள்.
குழாயின் முதுகுகூடப் பளபளப்பு:
யாரும் பார்க்காத இடத்தையும் விடாதவள்.
அடுப்பு மேடைக்கு அடியில் மட்டும்
ஒரே ஒரு பட்டாணி.

கடற்கரையில் மணல் இல்லை.
சாம்பல் கல், முட்டைக் கல், வெந்த கல்.
சனங்கள் தம்மைத் திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டு
வறுத்துக்கொண்டிருந்தார்கள்.
விமானங்கள் சக்கரத்தை நீட்டியபடி
கடலோரமாகவே இறங்கின.
அருளப்பன் "அட, அட, அட" என்று ஒவ்வொரு காலாகத் தூக்கி நடந்து
இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
எங்களைப் பார்த்துக் கையாட்டினார்.
கல்யாணமாகிப் பதினேழு வருடம்,
அவர் முழங்காலை வெயிலில் பார்த்தது அன்றுதான்.
எனக்கு மணல் இல்லாததே போதும்.
தொட்டியில் படியாது, மெத்தையில் ஏறாது.
இந்த ஊர்க்காரி கொடுத்துவைத்தவள்.

சந்தையில் சொக்கா விற்றார்கள்.
"சட்டையா?" என்று நான் சிரிக்க,
"கடலைமாவு தோசை" என்றார் இவர்.
கருகிய ஓரம், மேலே மிளகு.
எமிலின் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல்
இன்னொன்று கேட்டாள்.

கடைசி நாள் ஆறரைக்கே விழிப்பு.
"அறுபது குடுத்திருக்கோம், படு."
படுத்தேன்.
போர்வைக்குள் கைகள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தன.
ஏழுக்கு விரிப்பை உருவினேன், தொட்டியைத் தேய்த்தேன்,
முட்கரண்டி எண்ணினேன்: ஐந்து.
திரும்ப எண்ணினேன்: ஐந்து.
ஆறாவது எமிலினின் கொண்டையில் குத்தியிருந்தது.
பட்டாணியைத் தொடவில்லை. அது அவளுடையது.

பத்தே முக்காலுக்குக் கதவு தட்டல்.
நீல வாளி, ஐந்து மாடி மூச்சு,
ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி. கேப் வெர்டிக்காரி.
தனீசியா என்று பெயர் சொன்னாள்.
உள்ளே எட்டிப் பார்த்தாள்.
நேரே போய்க் குழாயின் முதுகில் விரல் வைத்தாள்.
பிறகு என் விரல்களைப் பார்த்தாள்,
ப்ளீச் குடித்து வெளுத்த நுனிகளை.
"எத்தனை வீடு?"
"பதினாலு."
"எனக்குப் பதினொன்று" என்று முழங்காலைத் தட்டிக் காட்டினாள்,
அது யாரோ வேண்டாத உறவுக்காரன் போல.
நன்றி சொல்லவில்லை. கோபமா என்றும் தெரியவில்லை.
ஒருவேளை அவள் வேலையை நான் திருடிவிட்டேனோ.

எமிலின்தான் பேசினாள்:
"தொட்டி மேல ஏறினா கடல் தெரியும்."
"இங்கேயா?
நாலு வருடமாக வருகிறேன்."

பெட்டியை ஐந்து மாடி இறக்கி,
டிராம் நிறுத்தத்தில் நின்று,
எமிலினின் பாக்கெட்டில் கற்கள் உரச,
சாவியைப் பெட்டியில் போட்டோமா என்று இவர் மூன்றாம் முறை கேட்க,
தற்செயலாக நிமிர்ந்தேன்.

கையகல ஜன்னல்.
சட்டத்தோடு ஒட்டிய
ஒரு கன்னம்.