அரைச்சுற்று, கால்சுற்று

ஆவாரம்பாளையத்தில் இரண்டாம் ஷிப்ட்.
அலுமினியத் தட்டு இருநூறு,
தட்டுக்குப் பன்னிரண்டு ஓட்டை, எல்லாம் எம் மூணு.
மண்ணெண்ணெயில் முக்கி
டேப்பை நிமிர்த்துகிறாள் துளசிமணி.
அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே.

மெதுசு என்பார்கள் அலுமினியத்தை.
மெதுசுதான் ஒட்டிக்கொள்ளும்.
சுருளை உடைத்துவிடாவிட்டால்
பல்லிடுக்கில் அப்பிக் கடித்துக்கொள்ளும்.

நூற்றெழுபத்தெட்டாம் தட்டு,
ஒன்பதாம் ஓட்டை.
மணிக்கட்டுக்கு முதலில் தெரிந்தது,
அப்புறந்தான் காதுக்கு:
டிக்.

முறிந்த முனை உள்ளேயே நின்றது.
அடித்து முடித்த எட்டு மரையும்
அதோடு சேர்ந்து பழைய இரும்புப் பெட்டிக்கு.
பாதி டேப்பைத் துடைத்து
ஏனோ சுடிதார்ப் பையில் போட்டுக்கொண்டாள்.

ராத்திரி பத்தரை.
ஊறுகாய் பாட்டிலைத் திருகுகிறாள்,
அரைச்சுற்று, கால்சுற்று,
அரைச்சுற்று, கால்சுற்று.
தட்டோடு உட்கார்ந்திருந்த கிட்டுசாமி கேட்டான்:
"ஏம்புள்ள, தொறக்கறயா, மூடறயா?"