திருப்பி ஓட்டு

மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும்,
வட்டார வள மையத்தின் உத்தரவு.
ஏழாம் வகுப்பு, முழுக்கள், பெருக்கல்.
மைனஸை மைனஸால் பெருக்கினால் ப்ளஸ்.

பதினாறு வருடமாக இதைச் சொல்கிறேன்.
"ஏன் டீச்சர்?" என்று எப்போதாவது ஒரு குரல் எழும்.
"அது விதி" என்பேன்.
நாற்பது தலைகள் ஆடும். மணி அடிக்கும்.

போன் தலையாட்டவில்லை.
தண்ணீர் பாட்டிலில் சாய்ந்துகொண்டு
என்னையே பார்த்தது.
அது விதி என்றேன். அழித்தேன்.
கொஞ்சம் சிரித்தபடி, அது விதி.
பின்னால் ஓசூர் பாசஞ்சர் கூவிக்கொண்டு போனது,
அதையும் அழித்தேன்.
ஒன்பதாவது தடவைதான் ஒப்புக்கொண்டேன்
எனக்குத் தெரியாது என்று.

அந்த வாரம் ராயக்கோட்டையில்
தக்காளி பெட்டி அறுபதுக்கு இறங்கியிருந்தது.
ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது
எதற்கென்றில்லாமல் ஜன்னல் வழியே எடுத்தேன்:
ஏரிக்கரையோரம் ஒரு டிராக்டர்,
மேலே நின்று ஒருவர் பெட்டி பெட்டியாகக் கவிழ்க்கிறார்.
நிமிடத்துக்கு ஐந்து.
கேட் திறக்க மூன்று நிமிடம் ஆனது.

இரவு, ஆப்பில் எதையோ அழுத்த எதுவோ ஆகி
படம் பின்னோக்கி ஓடியது.
மண்ணில் கிடந்த சிவப்பெல்லாம் துள்ளி எழுந்து
பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது,
நசுங்கியதுகூட உருண்டு திரண்டு.
ஒரு மாடு தன் வாயிலிருந்து
முழுத் தக்காளியை எடுத்துத் தரையில் வைத்தது.

அடுப்பில் களி அடிபிடிக்கும் வாசனை.
குறைவது மைனஸ் ஐந்து.
காலம் திரும்புவது மைனஸ் மூன்று.
டிராக்டரில் பதினைந்து பெட்டி கூடுதல்.
முப்பத்தொன்பது வயதில் எனக்கு
ஒரு பெருக்கல் புரிந்தது.

மறுநாள் ஸ்மார்ட் போர்டில் போட்டேன்.
தக்காளி துள்ளத் துள்ள வகுப்பே சிரித்தது,
மாட்டைப் பார்த்து நாகவேணிக்கு விக்கலே வந்துவிட்டது.
திம்மராஜ் மட்டும் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து
திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.
"மட்கார்டுல மஞ்ச பெயிண்ட். எங்க வண்டி, டீச்சர்."

சிரிப்பு ஒவ்வொரு பெஞ்சாக அணைந்தது.
நிறுத்தப் போனேன்.
"ஓடட்டும்" என்றான்.
அவன் அப்பா குனிந்து குனிந்து
காலிப் பெட்டியை நீட்ட
தரை அதை நிரப்பி நிரப்பித் தந்தது.
முடிந்ததும் கேட்டான்:
"பெட்டி திரும்பிடுச்சு, சரி.
வெலை?"

மூன்று நிமிடம் ஏற்கெனவே முடிந்திருந்தது.

அந்த வீடியோவை நான் அனுப்பவில்லை.
இல்லை, பொய். அனுப்பினேன்,
மட்கார்டை மங்கலாக்கிவிட்டு.
மாவட்டத்தில் பாராட்டினார்கள்.
பின்னணி இசை சேர்க்கலாம் என்றார்கள்.

அடுத்ததைத் திம்மராஜ் எடுத்தான்.
விடிகாலை ஐந்து மணி, மண்டி, நடுங்கும் படம்.
கவிழ்த்த பெட்டியின் அடியில் சாக்பீஸால் எழுதுகிறான்:
நாற்பது பெட்டி, பெட்டி அறுபது.
நூற்றுக்குப் பத்து கமிஷன்.
பறிக்கும் கூலி ஆறு பேருக்கு, ஆளுக்கு முந்நூறு.
டீசல் ஐநூறு.
இறக்குகூலி பெட்டிக்கு ஐந்து.
ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து
மைனஸ் முந்நூற்று நாற்பது.
பின்னால் யாரோ தெலுங்கில் ஏலம் கூவுகிறார்,
எண்கள் மட்டும் எல்லாருக்கும் புரிகிறது.

நாலு நிமிடம் பத்து நொடி வந்தது.
எதை வெட்டுவது?
கமிஷனை வெட்டினால் கணக்கு தப்பு.
கூலியை வெட்டினால்
நாகவேணியின் அம்மா போய்விடுவாள்.
கடைசிப் பத்து நொடி ஒன்றும் பேசாமல்
விடையையே காட்டிக்கொண்டிருக்கிறான்,
அதையாவது வெட்டலாம்.

திருப்பி ஓட்டிப் பார்த்தேன்.
அப்படியே அனுப்பிவிட்டேன்.
கால அளவு மீறல் என்று
திரும்பி வந்திருக்கிறது.