ஆண்டுக்குக் கீழே

மாதம் முன்னூறு ரூபாய்.
அதைத் தாண்டினால் கேஸ் சிலிண்டர் முறைக்கும்.
அதனால் என்னிடம் இருக்கும் ராஜாக்களுக்கு
மூக்கு கிடையாது.
மூக்கோடு இருக்கிற ராஜா ஆயிரத்து இருநூறு,
தேய்ந்த ராஜா நாற்பது.
இருட்டுகிற நேரமானால் முப்பது.

வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும்
பார்க் ஸ்டேஷனுக்கு ஓடி
மின்ரயிலில் தொங்கிப் பல்லாவரம் சேர்ந்தால்
சந்தையில் தார்ப்பாய்களை உதறிக்கொண்டிருப்பார்கள்.
ஒற்றை ரிமோட், மூடி இல்லாத மிக்ஸி ஜார்,
அதற்கடுத்துக் கமாலுதீன் பாய்.
அவரது தாம்பாளத்தில் எதை எடுத்தாலும் பத்து.
குந்தி உட்கார்ந்து கிளறுவேன்,
விரல் நுனி பச்சையாகும்வரை.
விளிம்பு நெளிந்த பத்துப் பைசா,
தாமரை பூத்த பித்தளை இருபது,
அதிர்ஷ்டம் இருந்தால் ஓட்டைக் காலணா.
கண்ணாடிப் பெட்டியைப் பார்க்காமல் எழுந்துவிட வேண்டும்.
அதற்குள் சோழர் வெள்ளிக்காசு ஒன்று,
புலியும் மீனும் வில்லுமாய்,
பன்னிரண்டாயிரம்.

புளியந்தோப்பில் எட்டாம் வகுப்பு ஆ பிரிவு.
சதவீதம் எவர் தலையிலும் ஏறாத ஒரு செவ்வாய்
கைப்பையை மேசைமேல் கவிழ்த்தேன்.
செல்லும் காசுதான், எல்லாம் பஸ் சில்லறை.
ஆண்டுக்குக் கீழே பாருங்கள்:
புள்ளி இருந்தால் நொய்டா,
வைரம் மும்பை,
நட்சத்திரம் ஹைதராபாத்,
ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா.
'ஒண்ணுமே இல்லன்னாலும் ஒரு ஊரா மிஸ்?'

மறுநாள் நிரோஷா கொண்டுவந்தது
காசிமேட்டு வாசனையோடு நூற்றுப் பதினெட்டு,
அம்மாவின் மீன்கூடைக் கல்லா.
கண்டக்டர் மகள் பவதாரணி
அப்பாவின் தோல்பையையே எண்ணிவிட்டு வந்தாள்.
நட்சத்திரம் நாற்பத்தொரு சதவீதம் என்று
கரும்பலகையில் எழுதியது நான் இல்லை.

எபினேசர் மட்டும் எதுவும் கொண்டுவரவில்லை.
'ஒரு நிமிஷம் குடு' என்று வாங்குவான்,
நோட்டுத் தாளுக்கு அடியில் வைப்பான்,
பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பான்,
திருப்பிக் கொடுத்துவிடுவான்.
சமூக அறிவியல் நோட்டின் பின்பக்கமெல்லாம்
சாம்பல் நிறத்தில் அறுபத்து மூன்று காசுகள்.
பத்து வருடமாகச் சேர்க்கிறேன் நான்,
என்னிடம் ஐம்பத்தெட்டு.

மிலாடி நபி விடுமுறை ஒரு வெள்ளியில் வந்தது.
வீட்டில் கையெழுத்து வாங்கிய ஏழு பேர்,
கட்டுச் சோறு, ரயில் டிக்கெட் என் கணக்கு.
அந்த மாத முன்னூறு அதிலேயே போயிற்று.
தாம்பாளத்தைச் சுற்றி ஏழு தலைகள்.
மூக்கில்லாத ராஜாவைத் தூக்கிக் காட்டி நிரோஷா கேட்டாள்:
'யார் மிஸ் இப்படித் தேய்ச்சது?'
விடை தெரிந்த கேள்விதான்.
ஆனாலும் மீன் விற்ற கை, பால் விற்ற கை,
வட்டிக்கு எண்ணிய கை என்று
கூட்டத்தையே நினைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அதற்குள் எபினேசர் கண்ணாடிப் பெட்டியருகே.
'வாங்கலே பாய். தேய்ச்சுக்கவா?'
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
பாய் அவன் நோட்டை வாங்கிப் புரட்டினார்,
ஒவ்வொரு பக்கமாக,
வந்த இரண்டு கிராக்கிகளைக் காக்கவைத்து.
பிறகு பெட்டியைத் திறந்தார்.
ஸ்வீட் கடை பட்டர் பேப்பர் ஒன்றைக் கிழித்தார்.
'அமுக்காதே. பென்சில் தானா நடக்கணும்.'

முதலில் வந்தது வால்.
பிறகு புலியின் முதுகு, மீன்,
கடைசியில் வில்,
கரண்ட் வந்த வீடு மாதிரி மெல்ல மெல்ல.
மேலே மின்கம்பியில் காக்கை கத்தியது,
விமானம் ஒன்று கூரை உரசிப் போனது.
யாரும் நிமிரவில்லை.

இரண்டு பிரதி எடுத்தான்.
ஒன்றை என்னிடம் நீட்டினான்.
பன்னிரண்டாயிரத்தை நான்காக மடிக்க மனமில்லாமல்
சாப்பாட்டு டப்பா மூடிமேல் விரித்துப் பிடித்தபடி
'எவ்வளவுடா?' என்றேன், விளையாட்டாகத்தான்.
'அஞ்சு ரூபா.'
கொடுத்தேன்.
வெளிச்சத்தில் திருப்பி
ஆண்டுக்குக் கீழே பார்த்தான்.

'இது இருக்கு மிஸ்,
வேற குடுங்க.'