எண்வரிசையில் கடைசி

காங்கேசன்துறைக் களஞ்சிய வாசலில்
சோளகம் மணலை அள்ளி
என் படிவத்தின் மேல் போடுகிறது.
ஊதிவிட்டு வாசிக்கிறேன்:
அட்டைப்பெட்டி பதினொன்று, நாகபட்டினத்தில் ஏற்றியது.
அனுப்பியவர் எழுதியிருப்பது 'கணினிச் சாமான்'.
அந்த ஒரு சொல்லால்தான் வந்தது வினை.

தயாபரி மிஸ் கத்தியால் நாடாவைக் கீறுகிறா.
இருபத்துநாலு துளையுள்ள சுவிட்சை
கோழி வாங்க வந்தவ மாதிரி
புரட்டி, தூக்கி, பாரம் பார்த்து
"இது கணக்குப் பார்க்குமோ?"
இல்லை மிஸ். வந்ததை வாங்கி
உரிய ஆளிட்டை விடும், அவ்வளவுதான்.
"அப்ப கணினி இல்லை."

எண்பத்துநாலாம் அத்தியாயத்தை மூடி
எண்பத்தைந்தைத் திறக்கிறா.
எட்டு ஐந்து ஒன்று ஏழு, அறுபத்திரண்டு:
குரலோ படமோ வேறெந்தத் தரவோ
பெறுவன, மாற்றுவன, அனுப்புவன,
தேய்ந்து வந்ததை மீளப் பிறப்பிப்பன.
சட்டம் எழுதினவன் தன்னை அறியாமல்
அந்த ஓரிடத்தில் கொஞ்சம் நனைந்திருக்கிறான்.

விதிகள் ஆறு. எனக்கு மனப்பாடம்.
துண்டு துண்டாய் வந்தாலும்
முழுப்பொருளின் முகம் இருந்தால் முழுப்பொருள்.
இரண்டு தலைப்பும் பொருந்தினால்
எதில் அதன் உயிர் இருக்கிறதென்று பார்.
உயிரும் பிடிபடாவிட்டால்
எண்வரிசையில் கடைசியாய் வருவதை எடு.
எனக்குக் கலியாணம் பேசினவர்கள்
கடைசி விதியிலேயே தொடங்கினார்கள்.

பதினோராம் பெட்டியில் சிக்கல்.
உள்ளங்கையளவு ஒரு சாதனம்.
சிம் போடலாம், வைஃபை விடும்,
கரண்ட் போனால் ஆறு மணித்தியாலம் தாங்கும்,
போனுக்குச் சார்ஜ் ஏற்ற அடியில் ஓர் ஓட்டையும்.
"றவுட்டரோ, பற்றரியோ?"

பற்றரி என்ற சொல்லில் இருவரும் கொஞ்சம் நின்றோம்.
நாங்கள் பள்ளிக்கூடம் போன நாட்களில்
அதற்கும் ஒரு பட்டியல் இருந்தது:
சீமெந்து, மண்ணெண்ணெய், டோர்ச் பற்றரி.
தலைப்பு ஒன்றே, உபதலைப்பு இல்லை,
தீர்வை கட்டி மீட்க வழியும் இல்லை.
அவ ஒன்றும் சொல்லவில்லை.
சாதனத்தைக் கவிழ்த்து வைத்து
"றவுட்டர்தான்" என்றா, என்னைப் பார்க்காமல்.

சூசைநாதன் மூன்றாம் தரம் போன் எடுக்கிறார்.
நெடுந்தீவில் வைத்தியசாலைக் கூரைமேல்
கம்பம் நட்டாயிற்று,
குறிகட்டுவானில் வள்ளம் நாலு மணிக்கு.
இப்ப மணி இரண்டேகால்.
எண் முடிவாகிவிட்டது, தட்டினால் போதும்.

தட்டுகிறா. வட்டம் சுழல்கிறது.
இன்னும் சுழல்கிறது.
கந்தோர் இணைப்பு விழுந்துவிட்டது.
கொழும்புக்கு எங்கள் அறுபத்திரண்டு போய்ச் சேரவில்லை.
அனுப்புவன பதினொரு பெட்டி
சுவரோரம் அடுக்கியிருக்க
அனுப்ப வழியில்லாமல் இரண்டு பேர்.
ஒன்றை எடுத்துப் பூட்டிப் பார்க்கலாம்தான்.
"தீர்வை கட்டாத சாமானாலை
தீர்வை கட்டுறதோ?"
சிரித்தா, இன்றைக்கு முதல் தடவை.

என் போனில் இரண்டு கோடு சிக்னல்.
யன்னலுக்கு வெளியே
பழைய சீமெந்து ஆலைப் பக்கம் நீட்டினால் மூன்று.
ஹொட்ஸ்பொட் போட்டேன்.
கடவுச்சொல்லை உரத்துச் சொல்ல வெட்கம்,
துண்டில் எழுதிக் கொடுத்தேன்.
வாசித்தவ எதுவும் கேட்கவில்லை.
நீட்டிய கையோடு நாலு நிமிடம்
வெயிலில் ஒரு கை, நிழலில் மிச்ச ஆள்,
எந்தத் தலைப்பின் கீழ் நின்றேனோ.

முத்திரை விழுந்தது.
லொறிக்காரன் தகரக் கதவைத் தட்டுகிறான்.
"எவ்வளவு டேட்டா போச்சுது?"
நூற்றெட்டு எம்பி, பரவாயில்லை மிஸ்.

பெட்டிகளை ஏற்றிக் கயிறு இழுத்துக் கட்டி
முன் இருக்கையில் ஏறின பிறகுதான் போனைப் பார்த்தேன்.
ஒரு கருவி இணைந்துள்ளது.
நிறுத்தக் கொண்டுபோன விரல் அங்கேயே நின்றது.
சாரதி கியர் போட்டான்.
சுற்றுமதில் திரும்பும் மட்டும்
அப்படியே கிடக்கட்டும் என்று விட்டேன்.