தீர்மானம் எண் பதினொன்று

வள்ளியூருக்குத் தெற்கே எங்கள் ஊராட்சியில்
கழிப்பறை கட்டியது ஒரு துறை.
தண்ணீர் வேறு துறை.
இரண்டும் சந்தித்துக்கொண்டது
என் மினிட் புத்தகத்தில் மட்டும்.

கிராம சபையில் முப்பிடாதி எழுந்தாள்.
"வாளி சொமந்துதான் போவணும்னா
உடங்காடே தேவலைல்லா."
தலைவர் சிரித்தார். நான் எழுதினேன்:
'பெண் ஒருவர் தண்ணீர் குறித்துப் பேசினார்.'

மறுநாள் விடியுமுன்
டேங்க் ஆபரேட்டர் வேலாண்டி
அந்தப் பக்கத்து வால்வை
அரைச் சுற்று கூடத் திறந்துவிட்டான்.
மேலத்தெருவில் வீட்டுக்கு ஒரு குடம் குறைந்தது.
இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் புகார், எழுத்து மூலம்,
பதினேழு கையெழுத்தோடு.

விளக்கம் எழுத உட்கார்ந்தவன்
பழைய பக்கத்தைத் திருப்பி
'பெண் ஒருவர்' என்பதை அடித்துவிட்டு
அவள் பெயரை எழுதினேன்.
வாளியையும்.