புதன்கிழமைப் பெட்டி

டுலூத்தில் புதன்கிழமைதோறும் பத்து மணிக்கு
வெர்னா லிண்ட்க்விஸ்ட் பெட்டியைப் பிரிப்பார்.
ஒன்பதே முக்காலுக்கே போய் நிற்பேன்,
இரவெல்லாம் பனி தள்ளிய பூட்ஸோடு.
"ஓரின், தரையை ஈரமாக்காதே."
ஆக்குவேன்.

இந்த வாரம் நான்கு.

'சாம்பல் சிறகன்', நூற்று இருபதாம் இதழ்.
மூன்றாம் முறையாக உயிர்த்துவிட்டான்.
முதல்முறை அவன் செத்தபோது
நெடுஞ்சாலையில் வண்டியை ஓரங்கட்டி அழுதேன்.
இரண்டாம் முறை தோளைக் குலுக்கினேன்.
இப்போது சவப்பெட்டி மூடியை அவன் உதைக்கும் பக்கத்தில்
என் சாண்ட்விச்சிலிருந்து கடுகுச் சாறு சொட்டியது.
துடைக்கவில்லை.
சாவை இவ்வளவு மலிவாக்கியவர்கள்
புத்தகத்தை மட்டும் ஏன் ஐந்து டாலராக்கினார்கள்?
அட்டை ஆறு விதம்.
கதை அரை விதம்.

'உப்புக்காரி' எழுதுகிறவர் புதியவர்.
குத்து விழுவதற்கும்
குத்து வாங்கியவன் தரையைத் தொடுவதற்கும் நடுவில்
நாற்பது வரித் தத்துவம் பேச வைக்கிறார்.
ஆனால் பதினான்காம் பக்கம்:
குளியல்தொட்டியில் அவள் தன் மேலங்கியை அலசுகிறாள்.
ஒரு சொல் கிடையாது.
கட்டத்துக்குக் கட்டம்
தண்ணீர் செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டே போகிறது.
வண்ணம் தீட்டியவர் யார் என்று அட்டையில் தேடினேன்.
உள்ளே, விலைக்குக் கீழே, எறும்பு அளவில் இருந்தது பெயர்.
"ஒரு பக்கத்துக்காகவா வாங்குகிறாய்?" என்றான் டெஸ்மண்ட்.
சில மாதங்களில் அது கூடக் கிடைப்பதில்லை, தம்பி.

'ஏழு முகமூடிகள்': எழுவரும் மேசையைச் சுற்றி அமர்ந்து
ஒரு இதழ் முழுக்கப் பேசுகிறார்கள்.
எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.
அவர்களுக்கும்தான்.

நான்காவதைச் சொல்லத்தான் இவ்வளவும்.
'இடிக்கையன்', மறுபடி முதல் இதழ்.
பழைய கள், புது மொந்தை; எண்ணிப் பார்த்தால் ஒன்பதாவது மொந்தை.
பாலம். பனிப்புயல். எதிரே பனிக்கட்டி அரக்கன்.
இடிக்கையன் சுற்றுமுற்றும் பார்க்கிறான்,
கைக்கு எட்டியதைத் தூக்கி எறிகிறான்.
எட்டியது ஒரு பனிவாரி வண்டி.
மஞ்சள் நிறம், முன்னால் கலப்பை,
பத்தொன்பது குளிர்காலமாக நான் ஓட்டும் அதே வகை.
இரண்டு பக்கம் விரிந்து பறக்கிறது வண்டி.

"ஓட்டினவன் எங்கே?" என்றேன்.
"இது கதை, ஓரின்."
"கதைதான். ஓட்டினவன் எங்கே?"
டெஸ்மண்ட் சிரித்தான்.
அவன் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறான்.
காப்பீட்டு அலுவலகத்தை யாரும் தூக்கி எறிவதில்லை.

பிளாஸ்டிக் உறையின் மேல் மார்க்கரால்
'பத்துக்கு இரண்டு' என்று எழுதி
இருக்கைக்குப் பின்னால் சொருகினேன்.

வியாழன் இரவு புயல் எச்சரிக்கை.
டிப்போவில் வரிசையாக வண்டிகள், எஞ்சின்கள் உறுமியபடி.
மறுபடி எடுத்தேன், இன்னொரு முறை திட்டலாம் என்று.
நடு மடிப்பில், ஸ்டேப்ளர் முள் கடிக்கும் இடத்தில்
பறக்கும் வண்டியின் கதவு
திறந்து கிடக்கிறது.
முந்தின பக்கத்துக்குத் தாவினேன்.
கடைசிக் கட்டத்தின் மூலையில், பனியில், காலடிகள்.
அவற்றின் முனையில் நகக்கண் அளவு ஒருவன்
குனிந்து ஓடுகிறான்,
கக்கத்தில் ஃபிளாஸ்க்.

எழுதியவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.
வரைந்தவர்
வண்டியைத் தூக்கும் முன்னால்
ஆளை இறக்கிவிட்டிருக்கிறார்.

இரண்டை அடித்துவிட்டு ஆறு போட்டேன்.
ஏழு தரமாட்டேன்.
அரக்கன் உருகி ஓடிய தண்ணீர்
விடிவதற்குள் அந்தப் பாலத்தில் உறைந்துவிடும்.
இருந்த ஒரு வண்டியையும் எறிந்தாயிற்று.
அடுத்த இதழில்
யார் உப்புத் தூவுவார்கள்?