திரும்பும் படகு

ஐந்தாம் வகுப்பு. செவ்வாய்க்கிழமை.
பலகையில் எழுதினேன்: வானில் வெள்ளி.
துர்வேஷ் எழுந்தான்:
"எத்தனை வெள்ளி, டீச்சர்?"
சிரிப்பு அடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது.
மூன்று மாதப் பயிற்சிக்குத்
திருச்சியிலிருந்து என்னை ஏற்றிவிட்டவர்கள்
ரிங்கிட்டுக்கு இங்கே அதுதான் பேரென்று
சொல்லி அனுப்பவில்லை.

சனி. பட்டர்வொர்த் துறையில் இரண்டு வெள்ளி,
பினாங்குக்குப் படகு.
செண்டோல் வரிசையில், மழையில்,
எனக்கு முன்னால் அவன்,
அம்மாவின் குடைக்குள்.
டீச்சருக்கும் செருப்பு நனையும் என்பதைக்
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு, வகுப்பில் இல்லாத குரலில்:
"பசியாறிட்டீங்களா?"

திரும்பும் படகுக்குக் கட்டணமில்லை.
திங்களன்று மறுபடி கேட்பான்,
கேட்கட்டும்.
கம்பியைப் பிடித்தபடி எண்ணிப் பார்த்தேன்.
ஒன்று.
அதுவும் மெல்ல நகர்கிறது,
பாயான் லெப்பாஸ் பக்கம் இறங்குகிற
விமானமாக இருக்கலாம்.